படித்ததற்கு அத்தாட்சி

நம் வட்டத்து நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ப. சிங்காரமும் கு. அழகிரிசாமியும் சா. கந்தசாமியும் கி. ராஜநாராயணனும் இடம்பெற்றுவிட்டார்கள், ஐம்பது அறுபது வருஷங்களாகச் சிறுபத்திரிகைகள் போட்ட கூச்சல் வீண்போகவில்லை, இனி ஒவ்வொரு மாணவனும் நல்ல இலக்கியத்தைப் படித்தே ஆகவேண்டும் என்று சந்தோஷப்பட்டிருந்தார். 'படித்தே ஆகவேண்டும்' என்பதை அடிக்கோடிட்டும் இருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். கடிதத்துக்குள் அடங்கவில்லை, கோபமும் வந்துவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன். நண்பரின் பெயர் தேவையில்லை. அவர் சொன்னதை நம்மில் பலர் நம்புகிறோம். கொஞ்ச காலம் முன்புவரை நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

நம்பிக்கை கெட்டது என் வீட்டுத் திண்ணையில். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது நல்லூரில், விருத்தாசலத்துக்குப் பக்கம். பீங்கான் பட்டறையில் அச்சு வார்த்துப் பிழைத்தவன். வேலையை விட்டு உட்கார்ந்தபிறகு என் புத்தகங்களில் ஒரு பகுதியைத் திண்ணை அலமாரியில் அடுக்கினேன். தெருப்பிள்ளைகள் வந்து புரட்டுவார்கள், எடுத்துப்போவார்கள். கணக்கு வைப்பதில்லை. பாதி திரும்பி வரும்.

எதிர்வீட்டுப் பெண் எட்டாவது படிக்கிறாள். அப்பா கேரளத்தில் கட்டட வேலையில் இருக்கிறார். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாள். பகலில் வீட்டில் ஆயாதான் துணை. போன கோடை விடுமுறையில் அந்தப் பெண் என் அலமாரியிலிருந்து எடுத்துப்போனது கண்மணி குணசேகரனின் 'நடுநாட்டுச் சொல்லகராதி'. அவர் மணக்கொல்லைக்காரர், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர், 'அஞ்சலை' நாவலை எழுதியவர். இந்தப் பக்கத்து ஜனங்களின் வாயில் புழங்கும் சொற்களைத் தனியாளாகத் திரட்டி அகராதியாக்கியவர். பதின்மூன்று வயதுப் பெண் அகராதியை எடுத்துப்போவதைப் பார்த்து, இரண்டு நாளில் திருப்பிக் கொண்டுவந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் அதை வாசித்த விதத்தை என் திண்ணையிலிருந்தே பார்த்தேன். ஆயாவின் எதிரில் உட்கார்ந்து ஒரு சொல்லை உரக்கச் சொல்வாள். ஆயா அர்த்தம் சொல்வாள். புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போனால் இருவருக்கும் சிரிப்பு. ஒத்துப்போகாவிட்டால் ஆயா புத்தகத்தைத் திட்டுவாள். "இதயெல்லாமா புக்குல போடுவாங்க?" என்று கிழவி கேட்டதில் வெட்கமும் பெருமையும் கலந்திருந்தன. பத்து நாள் போனபின் அந்தப் பெண் ஒரு பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், புத்தகத்தில் அகப்படாத ஆயாவின் சொற்களை எழுதிவைக்கத் தொடங்கினாள். யாரும் சொல்லி அல்ல. நாலு பக்கம் சேர்ந்திருந்ததை என்னிடம் காட்டினாள். ஒரு வாசகி எப்படிப் பிறக்கிறாள் என்பதை என் அறுபத்துச் சொச்சம் வயதில் கண்ணால் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பள்ளி திறந்தது. விடுமுறையில் படித்த புத்தகத்தைப் பற்றி அறிக்கை எழுதிக் கொடுக்கவேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பக்கங்கள், கதைச்சுருக்கம், உனக்குப் பிடித்த கதாபாத்திரம், ஏன் பிடிக்கும், நூல் உணர்த்தும் நீதி, பெற்றோர் கையொப்பம். தாளோடு என்னிடம் வந்தாள்.

"தாத்தா, இதுக்குக் கதைச்சுருக்கம் என்னான்னு எழுதறது?"

இருவரும் சிரித்தோம். எனக்குப் பிடித்த கதாபாத்திரம் ஆயா என்று எழுது என்றேன். அவள் அப்படியே எழுதிக்கொண்டுபோனாள். அகராதியெல்லாம் கணக்கில் வராது, வேறு புத்தகம் படித்து எழுதிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். கையில் ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாறும் கொடுத்தார்கள். முப்பத்திரண்டு பக்கம். அதை அவள் படிக்கவில்லை. பின்னட்டையில் இருந்த பத்து வரியைக் கதைச்சுருக்கமாக்கினாள். நீதி என்ற இடத்தில் 'விடாமுயற்சி வெற்றி தரும்' என்று போட்டாள். இருபதுக்குப் பதினெட்டு. அகராதி மறுநாள் என் திண்ணைக்கு வந்துவிட்டது. கணக்கு நோட்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பழைய பேப்பர்காரருக்குப் போய்விட்டதாம்.

அந்த ஆசிரியரை நான் குறைசொல்லவில்லை. நாற்பத்தைந்து தாள்களைத் திருத்தி அனுப்பவேண்டியவர் அவர். அகராதிக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். குற்றம் அந்தத் தாளில் இருக்கிறது. அந்தத் தாள் என்ன செய்கிறது என்பதை என் தொழிலை வைத்தே சொல்ல முடியும்.

பட்டறையில் பொம்மை வார்ப்பது இப்படி. பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றுகிறோம். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. உள்சுவர் ஓரமாக ஒரு படை மண் இறுகி நிற்கிறது. மீதிக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிடுகிறோம். அச்சைப் பிரித்தால் பொம்மை, உள்ளே வெற்றிடம். பொம்மைக்கு அதுதான் வேண்டியது; உள்ளே கெட்டியாக இருந்தால் சூளையில் வெடிக்கும். ஆயிரம் பிள்ளையார் ஒரே முகத்தோடு வெளியே வரும். தொழிலாக அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. ஆனால் ஒரு குழந்தை வாசித்ததை அதே முறையில் வார்க்கலாம் என்று நினைப்பவர்களிடம், அச்சு முதலில் உறிஞ்சுவது ஈரத்தைத்தான் என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது.

*

இது எட்டாம் வகுப்புச் சமாசாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். 1975இல் நான் ஒரு கல்லூரியில் பி.யூ.சி. படித்தேன். 'கமலாம்பாள் சரித்திரம்' துணைப்பாடம். நான்டீடெயில் என்போம். புத்தகத்தை வகுப்பில் ஒருவரும் வாங்கவில்லை. ஆசிரியர் கதைச்சுருக்கத்தைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு 'பண்புநலன்' உண்டு. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை – நகைச்சுவைப் பாத்திரம் – ஐந்து மதிப்பெண். இரண்டு வாரம் உருப்போட்டு எழுதித் தேறினேன். பரீட்சை முடிந்த அன்று, ராஜமய்யர் என்ற பெயரைக் கேட்டாலே எனக்குக் கொட்டாவி வரும் நிலைக்கு வந்திருந்தேன்.

அந்தக் கொட்டாவி பதினெட்டு வருஷம் நீடித்தது. புதுமைப்பித்தன், மௌனி, கு.ப.ரா. என்று அலைந்துகொண்டிருந்த வருஷங்களில்கூட ராஜமய்யரைத் தொடவில்லை. க.நா.சு. முதல் ஐந்து தமிழ் நாவல்களைப் பற்றி எழுதியதைப் படித்தபிறகே வேண்டாவெறுப்பாக எடுத்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு, அந்தத் தமிழ்ப் பண்டிதரான அம்மையப்ப பிள்ளையின் கூத்தைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்ததில் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். 1893இல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வரத் தொடங்கிய கதை. எழுதியவர் 1898இல், இருபத்தாறு வயதில், இறந்துபோனார். அந்த இளைஞனுக்கும் எனக்கும் நடுவே பதினெட்டு வருஷம் ஒரு நோட்ஸ் குறுக்கே நின்றிருக்கிறது. நாவலே பண்டிதரைக் கேலி செய்துகொண்டிருக்க, அந்தக் கேலியை 'நகைச்சுவைப் பாத்திரம்' என்று ஒரு பண்டிதத் தலைப்புக்குள் போட்டு நாங்கள் மனப்பாடம் பண்ணியிருக்கிறோம்.

என்னோடு அந்த வகுப்பில் அறுபது பேர் இருந்தார்கள். எனக்காவது பின்னால் ஒரு க.நா.சு. கிடைத்தார். மற்றவர்களுக்கு 'கமலாம்பாள்' என்பது கடைசிவரை ஐந்து மதிப்பெண்தான். பாடமாக வைத்ததால் ஒரு நாவல் அறுபது வாசகர்களைப் பெற்றது என்று கணக்கெழுதுகிறவர்கள், அதனால் இழந்த அறுபது வாசகர்களை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

அதே வயதில் நான் உண்மையில் எதைப் படித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். இந்த வட்டத்தில் இதுவரை மறைத்தே வந்திருக்கிறேன். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது. முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. விருத்தாசலம் பஸ் நிலையத்துக் கடையில் தொங்கும். டீக்குக் கொடுத்த காசை மிச்சம் பிடித்து வாங்கினேன். பிறகு 'கல்கண்டு', தமிழ்வாணனின் சங்கர்லால். பிறகு நூலகத்தில் கைக்குக் கிடைத்ததெல்லாம். அங்கே ஒருநாள், உறையில்லாமல் பைண்டு செய்த ஒரு புத்தகத்தைத் துப்பறியும் கதை என்று நினைத்து எடுத்துவந்தேன். அது புதுமைப்பித்தன். எழுத்தாளரின் சொந்தப் பெயர் சொ. விருத்தாசலம் என்று கண்டபோது எங்கள் ஊர்க்காரர் என்றே எடுத்துக்கொண்டேன். பிறந்தது 1906இல், திருப்பாதிரிப்புலியூரில் என்பது பின்னால் தெரிந்தது. ஆக, மாயாவி கையைப் பிடித்துப் பாதி தூரம் கூட்டிவந்தான், மீதித் தூரம் தப்பபிப்பிராயம் கூட்டிவந்தது. எந்தப் பாடத்திட்டமும் இந்த வழியைப் போட்டிருக்க முடியாது.

நம்மில் அநேகர் இப்படித்தான் வந்தோம். ஆனால் நேர்காணல்களில் நேராக தாஸ்தாயெவ்ஸ்கியில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பொய்யால் ஒரு விபரீதம் விளைகிறது. சந்தோஷத்துக்காகப் படிப்பது தாழ்ந்தது, கஷ்டப்பட்டுப் படிப்பதே உயர்ந்தது என்று நாம் சொல்லும்போது, துணைப்பாடம் வைக்கிற அதிகாரியின் வாதத்தைத்தான் நம் பாஷையில் சொல்கிறோம். சிரமமான புத்தகம் தருவதும் சந்தோஷமே. மௌனியை நாலாவது தடவை படித்து ஒரு வாக்கியம் பிடிபடும்போது வருவது சந்தோஷம் இல்லாமல் வேறென்ன? அந்தச் சிரமத்தை நானாக ஏற்றேன். பிறர் தலையில் ஏற்றிய சிரமத்துக்குப் பெயர் சுமை.

*

இனி நண்பரின் வெற்றிக்கு வருகிறேன். 2019இல் வந்த பத்தாம் வகுப்புப் புத்தகம் நல்ல புத்தகம். தொகுத்தவர்களுக்கு ரசனை இருந்திருக்கிறது. முந்தைய தலைமுறைப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவன் என்ற முறையில் இதை மனமாரச் சொல்கிறேன். அதில் 'விரிவானம்' என்ற பகுதியில் 'புயலிலே ஒரு தோணி'யிலிருந்து கடற்பயணப் பகுதி இருக்கிறது. சிங்காரம் எழுதிய நாவல் அச்சுக்கு வரப் பத்து வருஷம் காத்திருந்தது; 1972இல் வெளிவந்தபிறகும் அதிகம் பேர் சீந்தவில்லை. மதுரையில் தனியாக இருந்து 1997இல் செத்துப்போன மனுஷர். அவருடைய தொங்கான் இன்று தமிழ்நாட்டின் ஒவ்வொரு பத்தாம் வகுப்பு அறைக்குள்ளும் அலைமோதுகிறது. எனக்கும் முதலில் கண் கலங்கியது.

பிறகு தெருவில் ஒரு பையனிடம் கேட்டேன், அந்தப் பாடம் எப்படி இருந்தது என்று. "எட்டு மார்க் தாத்தா" என்றான். கைடைக் காட்டினான். புயலைச் சொல்லும் அடுக்குத்தொடர்களையும் ஒலிக்குறிப்புகளையும் எடுத்துக்காட்டி எழுதவேண்டும். கேள்வி மோசமான கேள்வி அல்ல. வகுப்பில் ஒரு நல்ல ஆசிரியர் அதைக் கேட்டு, பிள்ளைகள் தேடிப் பிடித்தால் அது விளையாட்டாகக்கூட இருக்கும். ஆனால் கைடில் விடை இருக்கிறது: முன்னுரை, இடையில் நாலு உபதலைப்பு, முடிவுரை. அவன் அதை ஒப்பித்தான். புயல் ஒப்பிக்கப்பட்டது. கதையில் கப்பல் கரை சேர்ந்ததா என்று கேட்டேன். அது கேள்வியில் வராது என்றான். அந்தப் பையன் இனி எந்த வயதில், எந்தக் கடையில் சிங்காரத்தின் நாவலைக் கண்டாலும், 'பத்தாவதுல படிச்சிருக்கேன்' என்று சொல்லிக் கீழே வைத்துவிடுவான். எனக்கு வந்த பதினெட்டு வருஷக் கொட்டாவியை நாம் இப்போது சிங்காரத்தின் பெயரில் விநியோகம் செய்துகொண்டிருக்கிறோம்.

2014இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திலிருந்து புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி', 'பொன்னகரம்' கதைகளை நீக்கினார்கள். நாம் கண்டித்தோம். கண்டிக்கவேண்டியதுதான். நீக்கியதன் காரணம் கோழைத்தனம். ஆனால் அந்தக் கதைகள் பாடமாக இருந்த காலத்தில் அவற்றுக்கு என்ன நடந்தது என்று நம்மில் ஒருவர் ஒருநாளாவது போய்ப் பார்த்தோமா? 'பொன்னகரம்' கதையில் ஆசிரியர் உணர்த்தும் கருத்து யாது என்று அவரையும் நீதி சொல்ல வைத்திருப்பார்கள். அந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் கேலி செய்தது அந்த நீதியைத்தான். நீக்கினால் அவமானம், வைத்து இப்படிச் செய்தால் கௌரவம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். இரண்டாவது அவமானம் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. விலக்கப்பட்ட கதையைத் தேடிப் படிக்க ஒரு பையனுக்காவது ஆசை வரும்.

1918இல் ரவீந்திரநாத் தாகூர் ஒரு சின்னக் கதை எழுதினார். ஒரு கிளிக்குக் கல்வி புகட்ட ராஜா உத்தரவிடுகிறான். பொன்னால் கூண்டு வருகிறது. ஏடுகள் மலையாகக் குவிகின்றன. பண்டிதர்கள் காகிதத்தைக் கிளியின் வாயில் திணிக்கிறார்கள். கிளியின் பாட்டு நிற்கிறது. கடைசியில் கிளி செத்துவிடுகிறது. கூண்டைப் பற்றியும் ஏற்பாடுகளைப் பற்றியும் எல்லோருக்கும் பரம திருப்தி. இப்போது காகிதம் நல்ல காகிதமாக, நம் ஆட்கள் எழுதிய காகிதமாக இருக்கிறது என்று நண்பர் சந்தோஷப்படுகிறார். கிளிக்கு அது எப்படித் தெரியும்?

*

நண்பரின் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அது என் ஊரின் வாதம். நல்லூரில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் பாடப்புத்தகத்தைத் தவிர அச்சடித்த காகிதம் காலண்டர் மட்டும்தான். அப்பா அம்மா படித்தவர்கள் இல்லை. பட்டணத்து டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு 'உனக்குப் பிடித்ததைப் படி' என்று சொல்லலாம். அலமாரி நிறைய இருக்கிறது. இங்கே அப்படிச் சொன்னால் அந்தப் பிள்ளை எதையும் படிக்காது. அதற்கு இலக்கியம் கிடைக்கிற ஒரே வாசல் பாடநூல். அதை மூடச் சொல்வது மேட்டுக்குடித்தனம் — இதுதான் வாதம்.

வாசலை மூடச் சொல்லவில்லை. குறள் பாடமாக இருக்கட்டும். சங்கக் கவிதையை ஆசிரியர் இல்லாமல் ஒரு பிள்ளை தானாக வாசிக்க முடியாது, அது கற்பிக்கப்படவேண்டியது. கதைகளும் இருக்கட்டும். கற்பிப்பது ஒன்று, வாசிப்பு இன்னொன்று. முதலாவதற்குப் பரீட்சை வைக்கிறார்கள், வைத்துவிட்டுப் போகட்டும். இரண்டாவதற்கும் அதே பரீட்சையை நீட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். மேலும், அலமாரி இல்லாத பிள்ளைக்கு அலமாரி கொடுப்பதல்லவா பரிகாரம்? தாள் கொடுப்பது எப்படிப் பரிகாரமாகும்?

அலமாரிக்கு நாம் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். சுதந்திர இந்தியாவில் முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் வந்தது சென்னை மாகாணத்தில், 1948இல். பின்னால் நின்று உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக இன்று போகிறது. 1931இல் ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். புத்தகம் பயன்பாட்டுக்கு, ஒவ்வொரு வாசகனுக்கும் அவன் புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகன் என்று அவை போகின்றன. படித்ததை நிரூபிக்கவேண்டும் என்று ஆறாவது விதி இல்லை. 2006இல் ஊராட்சிதோறும் நூலகம் கட்டும் திட்டம் வந்தது. கட்டடங்கள் எழுந்தன. பல ஊர்களில் பூட்டுத் துருப்பிடித்ததும் நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் புத்தகம் பீரோவுக்குள் இருக்கும்; சாவி தலைமையாசிரியரிடம் இருக்கும். புத்தகம் தளவாடப் பதிவேட்டில் ஏறிய சாமான். குறைந்தால் பதில் சொல்லவேண்டியவர் அவர். ஆகவே கிழிந்துபோகாத புத்தகம் நல்ல புத்தகம், படிக்கப்படாத புத்தகம் கிழிந்துபோகாது. நூலகப் பாடவேளை அட்டவணையில் இருக்கும். கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார்.

ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். 2022இல் அரசுப் பள்ளிகளில் நூலகப் பாடவேளையை உயிர்ப்பிக்க ஏற்பாடு செய்தார்கள். 2023இல் 'வாசிப்பு இயக்கம்' வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள். பார்த்தேன், நன்றாக இருக்கின்றன. பெயர் வைத்தவருக்குக் கவிதை தெரிந்திருக்கிறது. ஆனால் நம் ஊரில் எந்த நல்ல காரியத்தின் பின்னாலும் ஒரு படிவம் வந்துசேரும். எத்தனை புத்தகம், எத்தனை மாணவர், யாருக்குப் பரிசு. பறக்கச் சொல்லிவிட்டு எத்தனை அடி பறந்தாய் என்று சிறகில் அளவுநாடா கட்டினால் குருவி தரையில்தான் உட்கார்ந்திருக்கும். இதைச் செய்யாமல் இருக்கும் துணிச்சல் ஒரு அரசாங்கத்துக்கு வருமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கேட்கவேண்டியவர்களாவது கேட்கவேண்டும்.

பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியராக இருந்த தானியேல் பென்னாக் 1992இல் வாசகனின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டார். படிக்காமல் இருப்பது, பக்கம் தாண்டுவது, பாதியில் நிறுத்துவது, படித்ததைப் பற்றி வாய்திறக்காமல் இருப்பது எல்லாம் அதில் அடக்கம். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அது இருந்திருந்தால் அந்தக் கணக்கு நோட்டு இன்றைக்கும் இருக்கும். இதற்குப் பிரெஞ்சுக்காரர் வரவேண்டியதில்லை. இதே மாவட்டத்துக்காரர் ஜெயகாந்தன். 1934இல் கடலூரில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு ஐந்தாவதோடு நின்றது. கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்த பையன், காதில் விழுந்ததையும் கையில் கிடைத்ததையும் வைத்துத் தன்னைத்தானே படிப்பித்துக்கொண்டான். பள்ளியை விட்டால் ஜெயகாந்தன் ஆகலாம் என்று நான் சொல்லவில்லை. விட்டுப்போனவர்களில் ஆயிரத்தில் ஒருவர்கூட அப்படி ஆகவில்லை. அந்தப் பையனைச் சுற்றிப் புத்தகங்கள் இருந்தன, பேசுகிற பெரியவர்கள் இருந்தார்கள், தாளை நீட்டியவர் ஒருவரும் இல்லை. இந்த மூன்றையும் நல்லூர்ப் பள்ளிக்குள் கொண்டுவர முடியாது என்று யார் சொன்னது?

*

இவ்வளவும் வெளியே இருப்பவர்களைப் பற்றி. நம்மைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், அது இதைவிடக் கசப்பு.

நம் பத்திரிகைகளில் வரும் மதிப்புரைகளை எடுத்துப் பாருங்கள். முதல் பத்தியில் ஆசிரியர் அறிமுகம். நடுவில் கதைச்சுருக்கம். பிறகு பாத்திரங்கள். கடைசியில் 'தமிழ் வாசகர்கள் அவசியம் படிக்கவேண்டிய நூல்'. நீதிக்குப் பதிலாக ஒரு தத்துவப் பெயர் நிற்கிறது. இருத்தலியல் போய் அமைப்பியல் வந்தது, அதுவும் போய் வேறொன்று வந்தது. கட்டம் அதே கட்டம். எட்டாம் வகுப்புத் தாளை நாம் பூர்த்திசெய்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறோம். படித்ததற்கான அத்தாட்சி, பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு மூத்த எழுத்தாளரின் முன்னுரை. பத்து சிறந்த நாவல், நூறு சிறந்த நாவல் என்று நாம் போடும் பட்டியல்கள் பாடத்திட்டம் இல்லாமல் வேறென்ன? அந்தப் பட்டியலில் உள்ள ஒரு புத்தகம் பிடிக்கவில்லை என்று ஓர் இளைஞன் சொன்னால் நாம் அவனைப் பார்க்கும் பார்வை எந்தத் தமிழாசிரியரின் பார்வைக்குக் குறைந்தது?

ஐம்பதுகளில் க.நா.சு. ஒரு புத்தகத்துக்கு 'படித்திருக்கிறீர்களா?' என்று பெயர் வைத்தார். தான் படித்து மகிழ்ந்த புத்தகங்களைப் பற்றி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோல் எழுதியவை அந்தக் கட்டுரைகள். தலைப்பில் இருக்கும் கேள்வியைப் பரீட்சைக் கேள்வியாக யாரும் கேட்க மாட்டார்கள். நல்ல பலகாரம் தின்றவன் எதிரே வருபவனைக் கேட்கிற கேள்வி அது. சி.சு. செல்லப்பா 'எழுத்து' பிரசுரங்களை மூட்டைகட்டித் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போனார். பாடமாக வைக்கச் சொல்லி மனு கொடுப்பது அதைவிடச் சுலபமான வழி. அவர் புத்தகத்தை ஆளுக்கு ஆள் நேரில் காட்டினார். கடன்பட்டார். பத்து வருஷத்துக்கு மேல் பத்திரிகை நடத்தினார். அவர் காட்டிய புத்தகத்தை வாங்கிய மாணவன் தன் காசைக் கொடுத்துத் தன் இஷ்டப்படி வாங்கினான். அந்த மாணவர்களில் சிலர்தான் பின்னால் நாமானோம். நமக்கு வந்துசேர்ந்த வழியை நாமே மறந்துவிட்டு, அடுத்தவர்களுக்கு அரசாணை வழியாக அனுப்பப் பார்க்கிறோம்.

ஏன்? களைத்துவிட்டோம் என்பது ஒரு காரணம். முந்நூறு பிரதி போட்டு இருநூறு பிரதியைக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பவனுக்குப் பத்து லட்சம் மாணவர் என்ற எண் மயக்கம் தரும். எனக்கும் தரும். என் கதை ஒன்றைப் பாடத்தில் வைக்கிறோம் என்று நாளைக்கே ஒருவர் வந்தால் நான் மறுப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். மறுக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கோபம்.

நண்பருக்கு என் பதில் இவ்வளவுதான். நம் ஆட்கள் பாடநூலில் இருக்கட்டும். அதை வெற்றி என்று சொல்லாதீர்கள். போராட இன்னும் தெம்பு இருந்தால் இரண்டு விஷயத்துக்காகப் போராடுவோம். நூலகப் பாடவேளையை எவரும் கடன் வாங்கக்கூடாது என்பது ஒன்று. பீரோ திறந்திருக்கவேண்டும், எடுத்துப்போன புத்தகத்தைப் பற்றி எந்தப் பிள்ளையிடமும் எந்தத் தாளும் கேட்கக்கூடாது, காணாமல்போன புத்தகத்தை எவர் சம்பளத்திலும் பிடிக்கக்கூடாது என்பது இன்னொன்று. பீரோவில் மாயாவியும் இருக்கட்டும், மௌனியும் இருக்கட்டும். எதை எதற்குப் பிறகு எடுப்பது என்று பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

அகராதியைத் திண்ணை அலமாரியில் கீழ்த்தட்டில், கைக்கு எட்டும்படி வைத்திருக்கிறேன். அந்தப் பெண் இப்போது ஒன்பதாவது. காலாண்டுப் பரீட்சை நடக்கிறது. போன வாரம் ஆயாதான் வந்தாள். அன்றைக்குப் பேத்தியிடம் சொல்லத் தவறிய இரண்டு சொல் ஞாபகம் வந்துவிட்டதாம், எழுதிவைக்கச் சொன்னாள். நான் ஒரு புது நோட்டு வாங்கி எழுதிவைத்திருக்கிறேன்.